ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கும்போதே ஹீமோகுளோபினையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால், வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு ரத்தம் கொடுக்க யார் வருவார்கள் என்பதுதான். கோயம்புத்தூருக்கு இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும், மழைக்காலமென்றால் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து கிடக்குமோ என்ற கவலை வேறு. என் அக்கா விஷயத்தில் இந்தப் பேச்சே எழவில்லை, ஏனென்றால் அவர் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார். (நான் அந்தச் சபையில் இல்லை, எங்களுக்குள் இதற்காக நடந்த சண்டைகளை எழுதினால் உங்கள் பத்திரிகையில் இடம் போதாது.)

முப்பது வருடம் சரிவில் நின்று கொழுந்து பறித்த முழங்கால். லைன் வீட்டிலிருந்து ரோட்டுக்கு அறுபது படி, உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவார். முதலில் போன ஆஸ்பத்திரியில் "ரத்தம் வேண்டாம்னா இங்க முடியாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். மறுத்ததைக் குறை சொல்லமாட்டேன், அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அவர்கள் எடுத்த ரிப்போர்ட்டிலேயே ஹீமோகுளோபின் 9.6 என்று இருந்தது, பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்பதுதான் எரிச்சல்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் "முதல்ல ரத்தத்தை ஏத்துவோம்" என்றார். அக்கா முகம் மாறியதும் சிரித்துவிட்டு, "உங்க உடம்புல ஊறுற ரத்தத்தைச் சொன்னேன்மா" என்றார். மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று இரும்புச்சத்தை இரண்டு தடவை ட்ரிப்ஸில் ஏற்றினார்கள். ரத்த சிவப்பணுக்கள் ஊற எலும்பு மஜ்ஜையைத் தூண்டிவிடும் எரித்ரோபொய்டின் ஊசியும் போட்டார்கள். அந்த மருந்தில் சில வகைகளில் ரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமின் என்ற புரதம் கலந்திருக்கும், அது இல்லாததாகப் பார்த்து வாங்கச் சொன்னார் அக்கா. அப்புறம், சாப்பாட்டோடு டீ குடிக்கக் கூடாதாம், இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். தேயிலைத் தோட்டத்திலேயே காலம் கழித்தவரிடம் இதைச் சொன்னால்! ஊசியைவிட அதுதான் அவருக்குக் கஷ்டம். ஆறு வாரத்தில் 12.9 வந்தது.

ரத்தம் இல்லாமல் உயிரே போகும் நிலை வந்தாலும் ஏற்றக் கூடாது என்று அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்ட அன்று நான் வெளியே போய் நின்றுகொண்டேன். ஆபரேஷனில் சிந்தும் ரத்தத்தைச் சேகரித்துக் கழுவி அவருக்கே திருப்பி ஏற்றும் இயந்திரத்துக்கு மட்டும் சம்மதித்தார். அது அவரவர் மனசாட்சிப்படியாம். முன்னாடியே எடுத்துச் சேமித்து வைத்த சொந்த ரத்தம் என்றால் அப்போது சபையில் கூடாது என்றிருந்ததாம், இந்த வித்தியாசம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கடைசியில் அந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. முதுகில் மயக்க ஊசி, கூடவே டிரானெக்சாமிக் அமிலம். உறைந்த ரத்தம் கரைந்துபோகாமல் பிடித்து வைக்கும் இந்த மருந்தை 1960-களிலேயே ஜப்பானில் கண்டுபிடித்துவிட்டார்கள், விலையும் பெரிதாக இல்லை. பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தத்தைக்கூடச் சின்னக் குழாயில்தான் எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஹீமோகுளோபின் 10.3.

இதில் மதம் எங்கே இருக்கிறது? ரத்தசோகையைச் சரிசெய்துவிட்டுக் கத்தி வைப்பது ரத்தம் ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறவருக்கும் நல்லதுதானே. ரத்தம் வேண்டாம் என்று அடம்பிடித்த அக்காவுக்குக் கிடைத்த கவனிப்பு, "எல்லாம் நீங்க பார்த்து செய்யுங்க சார்" என்று தலையாட்டுகிறவருக்குக் கிடைப்பதில்லை. தேதி கொடுக்கும் அன்றே, ஆறு வாரம் முன்னாடியே, ஹீமோகுளோபின் பார்த்துக் குறைந்திருந்தால் மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு மலையிறங்க வேண்டியதும் இல்லை, இங்கேயே எடுக்கலாம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அடுத்த மாதக் கடைசியில் இடுப்பு மூட்டு ஆபரேஷன். ரத்தம் கொடுக்க இரண்டு பையன்களைப் பேசி வைத்துவிட்டார்கள், பாட்டியின் ரத்தத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை. நாளைக்கு நான்தான் அழைத்துக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர் ஒருவர்