சைக்கிளையும் பார்த்துக்கொண்டவர்களுக்கு

நம் பழைய சைக்கிள் குழுவின் திருமயம் சவாரிக்கு வந்த எல்லாருக்கும் வணக்கம்.

முந்தாநாள் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆறு வாரம் மூடிக் கிடந்த இடது கை மெலிந்து வெளுத்துப்போய், வேறு யாருடைய கையோ போல இருக்கிறது. ஆனால் விரல்கள் மடங்குகின்றன. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதுமே உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. போனில் வலது கையால் தட்டித் தட்டி எழுதுகிறேன், இரண்டு நாளாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை நமனசமுத்திரம் தாண்டி நான் சைக்கிளோடு விழுந்ததை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. நீங்கள் எல்லாரும் அங்கே இருந்தீர்கள். வராதவர்களுக்கும் சாயங்காலத்துக்குள் செய்தி போய்விட்டது. எனக்கே பாதிதான் ஞாபகம் இருக்கிறது.

ஞாபகம் இருப்பதெல்லாம் மனிதர்கள்தான். புளியமரத்தடியில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, 108 வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்த அக்கா. "கண்ண மூடாத, உன் பிள்ளை என்ன படிக்குது, சொல்லு" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. துண்டைக் கிழித்துக் கையைத் தூக்கிக் கட்டிய தம்பி, தங்கள் அருமையான வண்டிகளையே சாலையில் குறுக்காக நிறுத்தி பஸ்ஸையும் லாரியையும் ஒதுக்கிவிட்ட அண்ணன்மார், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், அதில் கூட வந்த பெண், ராத்திரி முழுக்க வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள், முறை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சோறு கொண்டுவந்த நாலு வீட்டுக்காரர்கள். உங்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டும். கை இன்னும் தேறட்டும், வீடு வீடாக வந்து சொல்கிறேன்.

இந்த மடலில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் நம் குழுவில் இல்லை. இதை அவர் படிக்கப்போவதும் இல்லை.

அதற்கு முன்னால் என் சைக்கிளைப் பற்றி. அன்றுதான் எனக்கு முதல் சவாரி. காலை ஆறு மணிக்கு வந்து நின்றபோது உங்கள் வண்டிகளைப் பார்த்து மலைத்துப்போனேன். நாட்டிங்ஹாமில் செய்த ராலே, முகப்பில் நாரைச் சின்னத்தோடு. முன் சக்கரத்தைப் பிடிக்கும் போர்க் இரட்டைக் குழாயாக இருக்கும் ஹம்பர். ஒரு அண்ணன் பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பில் பொறித்திருந்த எண்ணைத் துடைத்துக் காட்டி, அது செய்த வருஷத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி உருளும்போது அந்த ஹப்பிலிருந்து டிக் டிக் என்று வந்த சத்தம் எவ்வளவு அழகு! நான் கொண்டுவந்தது ஹெர்குலிஸ். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து ஊர் ஊராக அனுப்பிய ஆயிரக்கணக்கான கறுப்பு வண்டிகளில் ஒன்று. பெயின்ட் பாதி போய்விட்டது. பார் கம்பி முழுக்கப் பழைய துணி சுற்றியிருக்கும். "அந்தத் துணிய எடுத்துட்டு பெயின்ட் அடிச்சா ஜம்முனு இருக்கும்க்கா" என்று ஒரு தம்பி சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவருக்குத் தெரிய வழியில்லை.

அது அம்மாவின் சேலைத் துணி. 1991-லும் அதற்கடுத்த வருஷமும் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்துக் கற்றுக்கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்டம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்பார்கள். கல்குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த என் அம்மாவும் அதில் ஒருத்தி. கையெழுத்துப் போடக் கற்றதும் சைக்கிள் ஓட்டக் கற்றதும் ஒரே வருஷத்தில். கடைகளில் லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அம்மாவுக்கு அதில் குறையே இல்லை. பார் இருந்தால்தானே பிள்ளையை உட்கார வைக்கலாம்? முன்னால் பாரில் தம்பி, பின்னால் கேரியரில் நான், ஹேண்டிலில் தூக்குச்சட்டி. தம்பிக்குக் கம்பி குத்துகிறது என்று ஒரு ராத்திரி ஊதாச் சேலையைக் கிழித்துச் சுற்றினாள். இன்றைக்கு அந்த ஊதா சாம்பலாகிவிட்டது. மடிப்புக்குள் விரலை விட்டு விலக்கினால் மட்டும் கொஞ்சம் நிறம் தெரியும். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கை வலித்தது. அதைவிட, வண்டி எங்கே கிடக்கிறதோ என்ற நினைப்புதான் தூங்கவிடவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு எனக்காக ஓடும்போது, ஒரு பழைய சைக்கிளைக் கேட்க வாய் வரவில்லை. பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். "ஆத்தா, வண்டி எங்கிட்ட இருக்கு. நீ கையப் பாரு. வண்டிய நான் பாத்துக்கிறேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டார். போனைப் பிடித்துக்கொண்டு நான் அழுததைப் பார்த்துப் பக்கத்துப் படுக்கை அம்மா பயந்தே போய்விட்டார்.

விழுந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சைக்கிள் கடை இருக்கிறதே, தகரக் கூரை, காற்றடிக்கும் பம்பு, பங்க்சர் பார்க்கும் தண்ணீர்ச் சட்டி, அந்தக் கடைப் பெரியவர்தான். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் கூட்டம் கலைந்திருக்கிறது. பள்ளத்தில் கிடந்த வண்டியை அவர் தூக்கிக்கொண்டுபோய்க் கடைக்குள் வைத்திருக்கிறார். நம் குழுவில் யாரையோ விசாரித்து என் நம்பரை வாங்கியிருக்கிறார்.

நாலாவது வாரம் ஒரு காலையில் வாசலில் பெல் சத்தம் கேட்டது. அந்தப் பெல்லை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். வெளியே வந்தால் பெரியவர் வண்டியோடு நிற்கிறார். நமனசமுத்திரத்திலிருந்து புதுக்கோட்டைக்கு அதையே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஏன் அய்யா இந்த வயதில், பஸ்ஸில் ஏற்றியிருக்கலாமே என்றேன். "ஓட்டிப் பாத்துத்தானே ஆத்தா குடுக்கணும்" என்றார்.

முன் சக்கரம் எட்டாக மடங்கிப் போயிருந்ததாம். புது ரிம் போட்டால் அது மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும் என்று, கடையில் தேடி இருபத்தெட்டு அங்குலப் பழைய ரிம் ஒன்றை எடுத்து, மற்றச் சக்கரத்தின் துருவுக்கு ஒத்துப்போகிற மாதிரி பார்த்துப் போட்டிருக்கிறார். கம்பி கட்டிக் கோட்டம் எடுத்திருக்கிறார். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன், பிரேக் கட்டையில் எங்கேயும் உரசாமல் சுற்றியது. பார் கம்பி மேல் மட்டும் ஒரு பிளாஸ்டிக் பை. இரண்டு முனையிலும் சணலால் கட்டியிருந்தது. வேலை செய்யும்போது துணியில் கிரீஸ் படக்கூடாது, வழியில் மழை வந்தால் நனையக்கூடாது என்று கட்டியதாம். அந்தத் துணி என்னவென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "பெயின்ட் அடிச்சிருக்கலாமே பெரியவரே" என்று கேட்டார். "அதுல ஒண்ணும் கெடலையே" என்றார்.

பழைய வண்டிகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அசல் பெயின்ட்டைத் தொடாதே, எது உடைந்ததோ அதை மட்டும் மாற்று, வண்டி பட்ட அடியெல்லாம் அதன் கதை என்று. அதெல்லாம் சரிதான், நானும் நம்புகிறேன். ஆனால் அதை யாரும் சொல்லிக்கொடுக்காமல், தெரியாத ஒருத்தியின் வண்டியில் செய்து காட்டியவரை அன்றுதான் பார்த்தேன்.

சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் பென்சிலில் கணக்கு. போக்ஸ் கம்பி, பழைய ரிம், காட்டர் பின் ஒன்று, வால்டியூப் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே விலை. கடைசி வரியில் கூலி என்று எழுதி, அதற்கு நேரே ஒரு கோடு. எவ்வளவோ வற்புறுத்தினேன். சாமான் காசை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையைத் திண்ணையில் வைத்தார். காபி வேண்டாம் என்று ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் குடித்தார். கட்டுப் போட்ட கையை ஒருதடவை பார்த்துவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார். அந்தத் தாளை அம்மா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

நேற்றுதான் இரண்டு கையும் சேர்ந்த தைரியத்தில் பிளாஸ்டிக் பையைப் பிரித்தேன். துணி அப்படியே இருந்தது. விழுந்ததில் ஒரு ஓரம் மட்டும் கிழிந்திருக்கிறது. அந்த இடத்தில் கறுப்பு நூலால் நெருக்கமாகச் சுற்றி, பிரியாதபடி சின்னதாக ஒரு முடிச்சு. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கணக்கிலும் எழுதவில்லை.

கைக்குப் பயிற்சியாக ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஸ்டாண்டு போட்டு நிற்கும் வண்டியின் இடது பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுகிறேன், காலையில் இருபது, மாலையில் இருபது. கம்பி பிரேக் ஆச்சே, லேசில் அமுங்காது. இன்றைக்குப் பாதிவரை அமுங்கியது. முழுசாக அமுங்கியதும் சனிக்கிழமைகளில் பெரியவர் கடைக்குப் போய்க் கோட்டம் எடுக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன். கேட்டுவிட்டேன், வரச் சொல்லியிருக்கிறார். நம் சவாரியில் இனி யார் சக்கரம் மடங்கினாலும் நான் உட்கார்ந்து எடுத்துத் தருவேன், கூலி வாங்காமல்.

அப்புறம், எனக்காக நீங்கள் எல்லாரும் அன்று பாதி வழியில் திரும்பிவிட்டீர்கள். திருமயம் கோட்டையை ஒருத்தரும் பார்க்கவில்லை. பொங்கல் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை மிச்சத் தூரத்தை முடித்துவிடலாமா? இந்தத் தடவை அந்தப் புளியமரத்தடியிலிருந்தே கிளம்புவோம். எல்லாருக்கும் இட்லி நான் கொண்டுவருகிறேன். பெரியவரையும் கூப்பிட்டிருக்கிறேன். கடையை மதியம் வரைக்கும் பூட்ட முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்.