கோபுரத்துக்கு முதுகு காட்டி நிற்கும் கூட்டம்

கோசோ தீவு, மால்டா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. இரவுப் பணி வரும் வாரங்களில் மட்டும் தூக்கம் கெடுகிறது, அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கப்பலில் இருந்து எடுத்து அனுப்பிய படத்தில், பாறை மேல் தெரிந்த சதுரக் கட்டடம் என்ன என்று நீங்கள் மட்டும்தான் கேட்டீர்கள். அது கோமினோ தீவின் காவல் கோபுரம், புனித மரியாள் பெயரில் உள்ளது. மால்டாவுக்கும் நான் இருக்கும் கோசோவுக்கும் நடுவே கிடக்கிற அந்தத் தீவு மூன்றரைச் சதுர கிலோமீட்டர்தான். நிரந்தரமாகக் குடியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் கோபுரத்துக்காக இந்த மக்கள் இரண்டு நூற்றாண்டு காத்திருந்தார்கள், அப்பா. கடற்கொள்ளையர்கள் கோமினோவின் குகைகளில் ஒளிந்திருந்து படகுகளைப் பிடித்தார்கள். 1416இல் மால்டாக்காரர்கள், அப்போது இந்தத் தீவுகளை ஆண்ட ஸ்பெயின் பக்கத்து அரகான் அரசர் அல்ஃபோன்சோவிடம், ஒரு காவல் கோபுரம் கேட்டு மனு கொடுத்தார்கள். கோபுரம் கட்டுவதற்கென்று ஒயின் இறக்குமதிக்கு வரியும் போடப்பட்டது. வசூலான பணமோ அரசரின் கஜானாவுக்குப் போய்விட்டது. 1551இல் துருக்கிய ஒட்டோமான் கப்பற்படை வந்து கோசோவில் இருந்த ஏறக்குறைய எல்லாரையும், சுமார் 5,000 பேரை, அடிமைகளாகப் பிடித்துப்போனது. நான் தினமும் நடக்கிற தெருக்கள் ஒரு காலத்தில் ஆளே இல்லாமல் கிடந்திருக்கின்றன என்று நினைத்தாலே மனசு கனக்கிறது. கடைசியில் 1618இல்தான், மால்டாவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்களின் தலைவர் விக்னகூர்ட் இதைக் கட்டினார். மொட்டைமாடியில் நின்றால் இரண்டு தீவுகளும் தெரியும். ஆபத்து வந்தால் இங்கிருந்து இரு பக்கமும் சைகை கொடுப்பார்கள்.

இன்று கோமினோ என்றால் எல்லாரும் சொல்வது புளூ லகூன் என்ற குடா ஒன்றைத்தான். வெண்மணல் மேல் கண்ணாடி மாதிரித் தண்ணீர், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோடையில் போனால் கால் வைக்க இடமில்லை. குடைகளும் சாய்வு நாற்காலிகளும் கரையை அடைத்துக்கொள்கின்றன. குடைந்த அன்னாசிப் பழத்தில் மது ஊற்றிக் கொடுக்கிறார்கள், குடித்து முடித்த பழத்தின் தோல் பாறையிடுக்கில் கிடக்கிறது. படகுகளின் பாட்டுச் சத்தம் ஒன்றை ஒன்று முந்துகிறது. காட்டுத் தைம் செடிகள் வளரும் நிலத்தை மிதித்து மிதித்துத் தரையே தேய்ந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி இது என்றால் நம்புவீர்களா?

2022இல் இங்குள்ள சமூக ஆர்வலர்கள் சிலர் அந்த நாற்காலிகளைத் தாங்களே தூக்கி அகற்றினார்கள். 2025 மே முதல் இணையத்தில் பதிவு செய்து, கையில் பட்டை கட்டிக்கொண்டுதான் இறங்க முடியும். ஒரே நேரத்தில் 4,000 பேருக்கு மேல் கூடாது என்பது கணக்கு. நல்ல தொடக்கம்தான். ஆனாலும் இவ்வளவு சிறிய குடாவுக்கு 4,000 என்பதே எனக்கு அதிகமாகப் படுகிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கோபுரம் வந்துவிடும். கடற்கரையில் அவ்வளவு பேர் இருந்த நாளில் நான் போனபோது, மேலே ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். மால்டாவின் பாரம்பரியக் காப்புச் சங்கம் 2002 முதல் 2004 வரை அதைச் சீர்படுத்தியது. இப்போதும் தன்னார்வலர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். கொடி பறந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே போகக் கட்டணம் இல்லை, விருப்பப்பட்டால் உண்டியலில் போடலாம்.

படகுக்காரர்களின் பிழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, சுற்றுலாவால்தான் பாதி நாடு சாப்பிடுகிறது. ஆனால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு சிறு பங்கு கோபுரத்துக்கும் அந்த நிலத்துக்கும் போக வேண்டாமா? படகில் ஒலிபெருக்கி இருக்கிறது, இரண்டு நிமிடம் அந்த 1551ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னால் என்ன? சொன்னால் சிலராவது மேலே ஏறி வருவார்கள்.

சரி, நீங்கள் வருவதாக இருந்தால் கோடையை விட்டு வசந்தத்தில் வாருங்கள். வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு. கொடி பறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கூட்டிப்போகிறேன். அப்புறம், இந்த மாதப் பணம் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். வந்ததும் தம்பியை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்