வரம்பை நாங்கள் தள்ளவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த கமக்காரர் அமைப்புகளுக்கும் காணிக்காரருக்கும் வணக்கம்.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே நாங்கள் ட்ரோனில் எடுத்த வான்படம் பற்றி வட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவு எங்களுக்கும் வந்து சேர்ந்தது. படம் பிந்துகிறது என்கிறார்கள், சரி. குளத்துப் பக்கம் படத்தில் ஓட்டை விழுகிறது என்கிறார்கள், அதுவும் சரி. அசையும் தண்ணீரில், படங்களை ஒன்றாக ஒட்டும் கணினிக்குப் பிடித்துக்கொள்ள ஓர் அடையாளமும் கிடைக்காது. ஆனால் பக்கத்துக் காணிக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு படத்தில் வரம்பைத் தள்ளினோம் என்பதுதான் பொறுக்கவில்லை.

ட்ரோன் வயல் முழுவதையும் ஒரே படமாக எடுப்பதில்லை. கோடு கோடாகப் பறந்து, ஒரு படத்தின் முக்கால் பங்கு அடுத்ததில் விழும்படி எடுக்கிறது. நடுவயலில் ஓர் இடம் பத்துப் படத்திலாவது வரும். ஓரத்தில் இரண்டு மூன்றுதான். ஒட்டும்போது அந்த ஓரம்தான் நெளியும். நெளிந்த ஓரத்துக்கு அப்பால் இருப்பவரின் காணி படத்திலேயே அரைகுறைதான். அவருக்கு எதைக் கூட்டிக் கொடுப்பது? தரைக்குறி, அதாவது படத்தை நிலத்தோடு பொருத்தத் தரையில் போடும் அடையாளம், வைக்காத இடத்தில் ஜிபிஎஸ் ஓரிரு மீற்றர் பிசகலாம், உண்மை. அப்போதும் எல்லாருடைய காணியும் சேர்ந்தே நகரும், ஒருவருடையது மட்டும் சுருங்காது. எல்லை வழக்கென்றால் அனுமதி பெற்ற நில அளவையாளரிடம்தான் போகவேண்டும் என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதித்தான் கொடுக்கிறோம். யார் வாசிக்கிறார்கள்!

பறப்புத் திட்டம் போடும் மென்பொருளை இப்போது மாற்றியிருக்கிறோம். இது எல்லைக்கு வெளியேயும் இரண்டு கோடு கூடுதலாகப் பறக்கும். பழையது ஏவிய இடத்திலிருந்தே உயரத்தைக் கணக்கிட்டது. குளக்கட்டில் நின்று ஏவினால் கீழே உள்ள வயல் அந்தளவுக்குத் தெளிவு குறையும். புதியது நில உயரத்தைப் பார்த்து ஏறி இறங்கும். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு 30 மீற்றர் கட்டங்களாக இருப்பதால் அதில் குளக்கட்டு சரியாகத் தெரிவதில்லை, அதை நாங்களே கையால் சேர்க்கிறோம். அப்புறம் சோளகக் காற்று. எதிர்காற்றில் பற்றரி மளமளவென்று இறங்கும். இனி ட்ரோன் பாதிக் கோட்டில் திரும்பாது. ஒரு கோட்டை முடித்து வந்து, பற்றரி மாற்றியபின் அடுத்ததைத் தொடங்கும்.

கோடு கூடுவதால் ஏக்கர் கட்டணம் சிறுபோகத்திலிருந்து சற்று மாறும், கடையில் கேளுங்கள்.

குரல்பதிவைக் கேட்டபிறகும் "தம்பி, நீங்களே வாங்கோ" என்று அழைத்த அக்கராயன், முத்தையன்கட்டுப் பக்கத்து ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது! கொளுத்தும் வெயிலில் தரைக்குறிக்குச் சுண்ணாம்பு போட்டுத் தந்ததும், எங்கள் பையன்களுக்கு மோர் கொடுத்ததும் மறக்கக்கூடியவை அல்ல.

ஓரம் நெளிந்த படம் வைத்திருப்பவர்கள் அதைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், மூலப் படங்களோடு வைத்துக் காட்டுகிறோம். புதிதாகப் பதிவு செய்பவர்கள் வயலில் தண்ணீர் வடியும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ட்ரோன் கடைக்காரர்,
கிளிநொச்சி