சம பங்காளிகளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவும் வளைகுடா நாடுகளும் சம பங்காளிகள் என்ற உங்கள் தலையங்கத்தை ஏற்க முடியவில்லை. 1945-ல் சூயஸ் கால்வாயில் நின்ற போர்க்கப்பலில் அன்றைய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் சவூதி மன்னரும் சந்தித்த நாளிலிருந்தே எண்ணெய் கொடுத்தால் பாதுகாப்பு என்பதுதான் கணக்கு.

2018-ல் டிரம்ப், எங்கள் ராணுவம் இல்லாவிட்டால் சவூதி மன்னர் இரண்டு வாரம்கூடத் தாங்கமாட்டார் என்று பொதுக்கூட்டத்திலேயே சொன்னார். கூட்டாளியைப் பற்றிப் பேசும் பேச்சா இது? மறு ஆண்டு அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டு, சவூதி உற்பத்தியில் பாதி நின்றது. அப்போது நான் தம்மாமில் வெல்டர். அமெரிக்கா பதிலுக்குக் குண்டு வீசும் என்றே எங்கள் முகாமில் எல்லோரும் நம்பினோம். வீசவில்லை.

கத்தாரில் அமெரிக்காவின் பெரிய விமானத் தளம் இருந்தும் 2025 செப்டம்பரில் அதன் தலைநகர் தோஹாவை இஸ்ரேல் தாக்கியது. அதன்பிறகே டிரம்ப், கத்தாரைப் பாதுகாப்போம் என்ற ஆணையில் கையெழுத்திட்டார். அது செனட் ஏற்ற ஒப்பந்தமல்ல. அடுத்த அதிபர் நினைத்தால் ரத்து செய்துவிடலாம்.

இப்படிக்கு,
வளைகுடாவில் வேலை செய்து திரும்பிய வாசகன்