தலைமை, நேரம் பற்றி வாசிக்கச் சில புத்தகங்கள்

அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். போன மாதச் சிரமதானம் நினைவிருக்கும், இருபது பேர் வந்தும் மண்வெட்டி இரண்டுதான், யார் கொண்டுவருவது என்று யாருக்கும் சொல்லி வைக்கவில்லை, தண்ணீர் போகும் கானை வெட்டத் தொடங்கும்போதே பத்து மணி தாண்டி மழையும் பிடித்துக்கொண்டது. ஆட்களிடம் குறையில்லை, ஏற்பாடுதான் இல்லை. அதனால் இந்த மாதம் எல்லாரும் கொஞ்சம் வாசிப்போம்.

முதலில் திருக்குறள். முழுவதும் வேண்டாம், காலமறிதல் (49), தெரிந்துவினையாடல் (52) இரண்டு அதிகாரம் போதும். எந்த வேலையை யாரால் முடிக்க முடியும் என்று ஆராய்ந்து அவரிடமே விட்டுவிடச் சொல்லும் 517ஆம் குறளைப் படித்துவிட்டு அந்த மண்வெட்டியை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஸ்டீபன் கோவியின் ஏழு பழக்கங்கள் பற்றிய புத்தகம், 1989இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. நேரமில்லாதவர்கள் மூன்றாவது பழக்கத்தை மட்டுமாவது படியுங்கள். அவசரமான வேலை வேறு, முக்கியமான வேலை வேறு என்று பிரித்துக் காட்டுவார், கொழுந்துக்குப் போய் வந்து, சமைத்து, பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுக்கும் நம் அக்காமாருக்கு நிச்சயம் உதவும்.

எனக்கு மிகவும் பிடித்தது சாரல்நாடன் எழுதிய, தோட்டத் தொழிலாளர் தலைவர் நடேசய்யரின் வரலாறு. வெளியாட்கள் தோட்டத்துக்குள் நுழையவே முடியாத காலத்தில், புடவை வியாபாரி போல தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் போய் ஆட்களிடம் பேசி, 1931இல் தொழிற்சங்கம் கட்டியவர். தலைமை என்றால் என்னவென்று நம் மண்ணிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் புத்தகம் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. வேண்டியவர்கள் இங்கே பெயர் போடுங்கள், வரிசைப்படி ஆளுக்கு ஒரு வாரம். அடுத்த போயா அன்று காலை ஒன்பதுக்கு வாசிகசாலையில் பேசுவோம், சரியா?