பருவ இறுதிக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வு, விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி எல்லாவற்றிலும் பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். அனைவருக்கும் பாராட்டுகள். அடுத்த பருவ அட்டவணை விரைவில் வரும்.

அப்புறம், நம் ஜாஸ் குழுவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஆண்டுவிழாவுக்குப் பிறகு உங்களில் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "என் பிள்ளைக்கு ஏன் சோலோ இல்லை? பின்னால் உட்கார்ந்து சும்மா தட்டிக்கொண்டுதானே இருந்தான்?" உங்கள் ஆதங்கம் புரிகிறது. அந்தத் 'தட்டுவது' என்ன என்று நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அன்று வாசித்தது 12 பார் ப்ளூஸ், அதாவது 12 பார் கொண்ட ஒரு பாட்டு வடிவம். இதில் ஒரு பார் என்பது நான்கு தட்டு. எல்லோரும் சேர்ந்து முதலில் வாசித்த மெட்டுக்கு 'ஹெட்' என்று பெயர். அது முடிந்ததும் அதே 12 பார் திரும்பத் திரும்பச் சுழலும். ஒவ்வொரு சுற்றும் ஒரு 'கோரஸ்'. சோலோ வாசிப்பவர் அதன்மேல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிறார். அவர் வழி தவறாமல் இருப்பது பின்னால் இருப்பவர்களால்தான். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ், தட்டுக்கு ஒரு சுரமாக அடுத்த கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டை) நோக்கி நடந்துகொண்டே இருக்கும். இதுதான் வாக்கிங் பேஸ். டிரம்ஸில் இடது கால் 2, 4ஆம் தட்டுகளில் ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பலை) மூடும். வலது கை 'ரைடு' என்ற பெரிய சிம்பலில் ஸ்விங்கைப் பிடித்திருக்கும். தட்டுக்குள் வரும் இரண்டு சுரங்களில் முதலாவது சற்று நீண்டு, இரண்டாவது குறுகி ஒலிப்பது ஸ்விங். தாளில் பார்த்தால் வராது, கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

பியானோவும் கிதாரும் செய்வது கம்ப்பிங், அதாவது சோலோவுக்குத் துணையாக இடம் பார்த்துக் கார்டுகளை வாசிப்பது. போன வாரம் ஒத்திகையில் ஓரமாக நின்றிருந்தேன். சாக்ஸபோன் வாசிக்கும் பெண் ஒரு நீண்ட வரியைத் தொடங்கியதும், பியானோ வாசித்த பையன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். முழுசாக இரண்டு பார். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் ஒரே ஒரு கார்ட். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்று நான் கேட்டதில் அதுதான் சிறந்த வாசிப்பு.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் கவுன்ட் பேசியின் குழுவில் 1937இல் சேர்ந்த ஃப்ரெடி கிரீன், 1987இல் இறக்கும்வரை அங்கே கிதார் வாசித்தார். ஏறக்குறைய 50 ஆண்டுகள். சோலோ வாசித்தது மிக அரிது. தாள கிதார் என்றால் இன்றும் அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

சோலோ கிடைக்கவில்லை என்று இரண்டு பிள்ளைகளை ஒத்திகைக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டீர்கள். பேஸ் இல்லாத அந்த நாளில் மற்றவர்கள் பாரைத் தவறவிட்டுத் தடுமாறினார்கள். இதை ஏற்க முடியாது. யார் எதை வாசிப்பது என்பதை இசை ஆசிரியர்தான் முடிவு செய்வார். ஒத்திகை நடுவில் அறைக்குள் வந்து பேசுவதும், இரவில் அவரை அழைத்து வாதாடுவதும் இனி வேண்டாம். கேட்க வேண்டியது இருந்தால் என்னிடம் வாருங்கள்.

சரி, ஒரு நல்ல செய்தியும் உண்டு. அடுத்த பருவத்தில் 'ட்ரேடிங் ஃபோர்ஸ்' பழகப்போகிறோம். நான்கு பார் ஒருவர், அடுத்த நான்கு பார் டிரம்ஸ் என்று மாறி மாறி வாசிப்பது அது. கூச்சப்படும் பிள்ளைக்கும் நான்கு பார் தாங்கும். எல்லோருக்கும் முறை வரும்.

வீட்டில் டிரம்ஸ் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கும், பேஸைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவர்களுக்கும், ஒத்திகை முடியும்வரை வெளியே காத்திருந்தவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. நிறுத்திய அந்த இரண்டு பிள்ளைகளையும் முதல் ஒத்திகைக்கே அனுப்பி வையுங்கள். அவர்கள் இடம் அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்