சுட்டியை முதலில் ஏற்றுங்கள்: கொழும்பு நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலுள்ள பல்கலைக்கழக, ஆய்வு நிறுவன நூலகர்களுக்கும் இரசாயனவியல் துறையினருக்கும் வணக்கம்.

பழைய இரசாயனவியல் உசாத்துணை நூல்களை எண்ணிமப்படுத்தும் பேச்சு எழும்போதெல்லாம், முதல் பக்கத்திலிருந்து ஸ்கேன் பண்ணுவதைப் பற்றியே பேசுகிறோம். நான் கேட்பது வேறு. கடைசியில் இருக்கும் சுட்டியை, அதாவது எந்தச் சேர்வை எந்தப் பக்கத்தில் என்று சொல்லும் பட்டியலை, முதலில் கணினியில் ஏற்றுங்கள்.

இந்த நூல்களை யாரும் தொடக்கத்திலிருந்து வாசிப்பதில்லை. ஒரு சேர்வையின் கொதிநிலையோ தயாரிப்பு முறையோ தேவைப்படும்போதுதான் திறக்கிறோம். பைல்ஸ்டைனின் சேதனச் சேர்வைக் கைநூல் 1881இல் வெளிவரத் தொடங்கியபோது இரண்டே தொகுதி. 1918இல் தொடங்கிய நான்காம் பதிப்பிலோ 28, 29 ஆகிய இரண்டு தொகுதி எண்களும் சுட்டிக்கென்றே ஒதுக்கப்பட்டவை. இரசாயனவியல் ஆய்வுகளின் சுருக்கங்களைத் தந்து 1907 முதல் வந்த கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸின் அச்சுப் பதிப்பு 2010 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. சந்தாத் தரவுத்தளங்களில் இவை பெரும்பாலும் கிடைக்கும், உண்மைதான். அந்தச் சந்தா டொலரில் வருகிறது. சிறிய ஆய்வுகூடம் நடத்துகிறவருக்கும் பாடசாலை ஆசிரியருக்கும் அது எட்டாது.

நம்மூர்ப் பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுவாப்பட்டை எண்ணெயில் முக்கியமானது சினமல்டிகைட்டு. இலை எண்ணெயில் இயூஜினோல். இவற்றைப் பெயரால் தேடினால் ஆங்கில நூலில் ஒரு பெயர், ஜெர்மன் நூலில் இன்னொன்று என்று அலைய வேண்டும். சூத்திரத்தால் தேடினால் சினமல்டிகைட்டு எங்கும் காபன் 9, ஐதரசன் 8, ஒட்சிசன் 1 தான். எட்வின் ஹில் 1900இல் முன்வைத்த ஒழுங்கில் காபன் முதலில், அடுத்து ஐதரசன், பிறகு மற்றவை அகரவரிசையில். எல்லா நூல்களின் சுட்டிகளையும் இந்த ஒரே ஒழுங்கில் கணினியில் அடுக்கிவிட்டால், எந்த அலுமாரியில் எந்தத் தொகுதியில் எத்தனையாம் பக்கம் என்பது ஒரு தேடலில் வந்துவிடும். பக்கத்தின் படம் பிறகு வரட்டும்.

ஸ்கேன் படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் எழுத்துணரி மென்பொருளை மட்டும் நம்பிவிடாதீர்கள். சீ, ஓ என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் பெரிதாக இருந்தால் காபனோரொட்சைட்டு. ஓ சிறிதானால் கோபாற்று. மங்கிய தாளில் மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். கீழே பொடியாக அச்சிட்ட எண்கள் வரிக்கு ஏறிவிடும், சில வேளை காணாமலே போகும். இதைப் பிடிக்க வழி உண்டு. வாசித்த சூத்திரத்திலிருந்து மூலக்கூற்றுத் திணிவைக் கணித்து, நூல் அதைத் தந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சினமல்டிகைட்டுக்கு 132க்குக் கிட்ட வராவிட்டால் எங்கோ பிழை. அப்புறம், தேடல் முடிவின் பக்கத்திலேயே மூல வரியின் படத்துண்டையும் காட்டுங்கள். கொதிநிலையில் ஓர் இலக்கம் மாறினாலும் அதை நம்பி வடிக்கிறவர் ஒரு நாள் வேலையை இழப்பார்.

மிகப் பழைய நூல்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் இரசாயனவியலாளர் கூடி அணுநிறைகளை விவாதிப்பதற்கு முந்திய பல நூல்களில் ஒட்சிசனின் நிறை 16 அல்ல, 8. அவற்றில் நீரின் சூத்திரம் ஐதரசன் ஒன்று, ஒட்சிசன் ஒன்று. இன்றைய சூத்திரத்தை மட்டும் தட்டுகிறவருக்கு அந்த நூல் அகப்படவே அகப்படாது.

பதிப்புரிமை பற்றித் தயங்குவீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டுகள் உரிமை உண்டு. ஆனால் வெறும் தரவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே பக்கங்களை வெளியிட முடியாத நூலுக்கும், சேர்வையையும் பக்க எண்ணையும் கொண்டு நாமே ஒரு தேடற்பட்டியல் உருவாக்க இடமிருக்கிறது. வெளிநாட்டில் ஏற்கெனவே ஸ்கேன் ஆனவற்றை மறுபடி ஸ்கேன் பண்ணி உழைப்பை வீணாக்கவும் வேண்டாம்.

அந்த உழைப்பு நம்முடையவற்றுக்குப் போகட்டும். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் டாக்டர் சாமுவேல் கிறீனின் பணியால் 1875இல் தமிழில் வந்த இரசாயனவியல் நூலான 'கெமிஸ்தம்' முதல், அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொல் தொகுதிகள் வரை வேறு யார் சுட்டி போடப்போகிறார்கள்? அங்கே ஒட்சிசன், ஆக்சிஜன், பிராணவாயு எதைத் தட்டினாலும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும்.

இவ்வளவு அவசரப்படக் காரணம் இருக்கிறது. மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் ஒரு சூத்திரச் சுட்டித் தொகுதியைக் கண்டேன். முதுகுத் தோல் உரிந்து, ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. உள்ளே ஒரு நூலகத்தின் முத்திரை; அதன்மேல் 'நீக்கப்பட்டது' என்று இன்னொன்று. மற்றத் தொகுதிகள் அந்த நூலகத்தில் இன்னும் இருக்கக்கூடும். சுட்டி போனபின் அவற்றில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

அடுத்த நீக்கற் பட்டியலைக் கையொப்பமிட முன் மற்ற நூலகங்களுக்கும் அனுப்புங்கள். ஒரு நூலகம், ஒரு சுட்டித் தொகுதி, சரிபார்க்க இறுதியாண்டு மாணவர் சிலர்: தொடங்க இது போதும். சனிக்கிழமைகளில் உட்கார்ந்து பிழை திருத்த நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கொழும்பில் எண்ணெய்ப் பரிசோதனை செய்யும் ஓர் இரசாயனவியலாளர்